சத்தமாகச் சொன்ன எண்

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பழக ஒரு காலைப்பொழுது போதும். அதில் வருகிற எண்ணை யாரிடம், எந்த இடத்தில், என்ன குரலில் சொல்வது என்று பழக எனக்கு இருபத்தாறு வருடம் ஆயிற்று. போன மாதம் உங்கள் நர்ஸ் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டபோது நேரம் போதாமல் இதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதி அனுப்புகிறேன். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

கிராம சுகாதார நர்சாக நான் முதலில் வேலை பார்த்தது வேதாரண்யம் பக்கம். அப்போது எங்களுக்குத் தடுப்பூசியும் பிரசவமும்தான் உலகம். பிறகு பிரஷர், சர்க்கரை என்று வேலை மாறியது. புதிதாகப் பயிற்சி முடித்த உற்சாகத்தில் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடம், "உப்பைக் குறைச்சுக்கங்க" என்று பிரசங்கம் செய்தேன். ஒரு பெண் சுற்றிலும் குவித்திருந்த உப்பைக் கைகாட்டி, "எந்தப் பக்கத்துலேருந்து குறைக்கட்டும் நர்சம்மா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து உப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டுக் கருவாடு எத்தனை துண்டு, ஊறுகாய் எத்தனை வேளை என்று பேச ஆரம்பித்தேன். அங்கே செய்தது சின்னத் தப்பு, சிரிப்போடு போயிற்று. நான் எழுத வந்தது வேறொன்று.

கடைசிப் பத்து வருடம் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருந்தேன். வீடு வீடாகப் போய் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். போனால் வீட்டில் ஆளிருக்காது. நடவுக் காலத்தில் பெண்கள் காலை ஆறு மணிக்கு லோடு ஆட்டோவில் ஏறினால் வீடு திரும்ப மூன்று, நான்கு ஆகும். அவர்கள் வீட்டுக்கு வராவிட்டால் நாம் வயலுக்குப் போவோம் என்று முடிவு செய்தேன். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதையே செய்யுங்கள் என்பேன்.

அது ஆனி மாதம், குறுவை நடவு நேரம். பத்து மணிக்கு டீ குடிக்கக் கரையேறுவார்கள் என்று தெரிந்து, ஸ்கூட்டரில் போய் வாய்க்கால் ஓரத்துப் புங்க மரத்தடியில் கருவியைத் திறந்து வைத்தேன். பதினாலு பேர். அவர்களுக்கு முன்னணி ஆள் செல்வமேரி. ஐம்பது வயதிருக்கும். அவள் எந்த மூலையில் நாற்று முடியைப் பிரித்துக் கையில் எடுக்கிறாளோ அங்கிருந்துதான் மற்றவர்கள் வரிசை பிடிப்பார்கள். ஆட்களைத் திரட்டி வயல்வயலாகக் கொண்டு போகிறவர் கணேசன். எங்கள் பக்கம் அந்த வேலைக்கு இன்னும் கங்காணி என்றுதான் பெயர். அவரும் அங்கே வரப்பில் நின்றிருந்தார்.

"நான் முதல்ல உக்காருறேன். என்னைப் பாத்தாத்தான் இவளுக வருவாளுக" என்று சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்தாள் செல்வமேரி. மற்றவர்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்றே வந்தவள் அவள். இதை மறந்துவிடாதீர்கள்.

இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். நான் பதறிப்போய்ச் சத்தமாகவே சொன்னேன்:

"என்னம்மா இது, இருநூத்திப் பத்து காட்டுது! இதை வச்சுக்கிட்டா குனிஞ்சு நிமிந்து நட்டுக்கிட்டு இருக்கீங்க? ஒருநாள் அப்படியே சேத்துல விழுந்துடுவீங்க. வாய் கோணிக்கும், கை கால் வராது, பாத்துக்கங்க!"

பதற்றத்தில் மட்டும் சொன்னதாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். பயம் வந்தால் மாத்திரை போடுவாள், கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற பதின்மூன்று பேரும் ஒழுங்காக வந்து உட்காருவார்கள் என்ற கணக்கும் மனதில் இருந்தது. ஆனால் டீ டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக வயலில் இறங்கினார்கள். கணேசன் செல்வமேரியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு அன்றைக்கு மதியம் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அதே ஆட்கள் வேறொரு வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க வரப்புக்குப் போய்விட்டார்கள். நான் சுற்றிக்கொண்டு போனேன். மலர்க்கொடி என்றொரு பெண் மட்டும் எழுந்து வந்தாள். நாற்பது வயது, கலகலவென்று பேசுகிறவள்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம் நர்சம்மா. எங்களுக்கு ஒண்ணும் பாக்க வேணாம்."

"ஏம்மா, ஊசியா குத்துறேன்? சும்மா கையில சுத்திப் பாக்குறதுதானே?"

"செல்வமேரி அக்காவுக்கும் சும்மாதான் சுத்துனீங்க. மறுநாள்லேருந்து அவங்க தெருவுல வண்டி நிக்கலை. விழுந்து கிழுந்து வச்சா வம்புன்னுட்டாரு கங்காணி. எங்களுக்கும் எதையாச்சும் சொல்லிட்டுப் போயிட்டீங்கன்னா, அப்புறம் நாங்க எங்க போறது?"

அவள் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு பேசியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் அப்போதுகூடத் திருந்தவில்லை. அந்த வாரக் கூட்டம் முடிந்ததும் டாக்டரின் அறைக்குப் போய், "இவங்களுக்கு விழிப்புணர்வே கிடையாது டாக்டர். நல்லது சொன்னா ஓடுறாங்க" என்று புகார் சொன்னேன்.

அந்த டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"சிஸ்டர், உங்களுக்குச் சர்க்கரை இருக்கறது நம்ம ஆபீஸ்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

ஆறு வருடமாக எனக்குச் சர்க்கரை. அவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் முகாமுக்கு அனுப்ப யோசிப்பார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்று மாத்திரையை ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் வைத்து, குளியலறையில் போய் விழுங்கிக்கொண்டிருந்தவள் நான்.  டாக்டர் அடுத்த நோயாளியை வரச் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் செல்வமேரி வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின் தெரு. நடவு நாளில் பகல் பதினோரு மணிக்கு அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் என் வாயில் முதலில் வந்தது, "மாத்திரை போடுறீங்களா?" என்பதுதான்.

"போட்டு? நல்ல உடம்போட வீட்டுக்குள்ள உக்காந்திருக்கவா?"

"செல்வமேரி, நான் தப்பு பண்ணிட்டேன். அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கணும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "முப்பது வருசமா நடுறேன் நர்சம்மா. ஒருநாள் விழுந்தது கிடையாது. நீங்க வாயால தள்ளிவிட்டுட்டீங்க."

  கையைக் கழுவிவிட்டு அவளே கேட்டாள்: "அந்த ஆள்கிட்ட வந்து, இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்வீங்களா?"

சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவள் கண்ணில் நல்லவளாகிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஆனால் அழுத்தம் இறங்காமல் அப்படிச் சொன்னால் அது இரண்டாவது தப்பு. "இன்னைக்குச் சொல்ல மாட்டேன். மாத்திரையைத் தவறாம போடுங்க. வாரா வாரம் நானே வந்து பாக்குறேன். இறங்குனதும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட கணேசன்கிட்ட நானே வர்றேன்" என்றேன். அவள் பாத்திரத்தை மறுபடி எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை தோறும் போனேன். மூன்றாவது வாரம் உட்காரப் பாய் போட்டாள். அதற்கடுத்த வாரம் கருவியைக் கழற்றும்போது கேட்டாள்: "வாய் கோணிக்கும்னீங்களே, அது எப்படி வரும்? திடீர்னா? நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

பயத்தை அள்ளிக் கொட்டிவிட்டு, விளக்கத்தைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். அன்று உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். முகம் ஒரு பக்கம் இறங்கும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை தானாகத் தாழும். பேச்சு குழறும். இதில் ஒன்று தெரிந்தாலும் மணியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் மீட்க வாய்ப்புண்டு. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எந்த வகுப்பிலும் அவளைப் போல ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை.

ஆறேழு வாரத்தில் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறாக இறங்கியது. டாக்டரின் சீட்டோடு கணேசன் வீட்டுக்குப் போனோம். அவர் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் சரிங்க. வயல்ல விழுந்து கிடந்தா பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே?"

"அண்ணே, உங்க வண்டியில ஏறுறவங்கள்ல பிரஷர் எவ்வளவுன்னு தெரிஞ்ச ஆள் இவங்க ஒருத்தர்தான். மாத்திரை போடுற ஆளும் இவங்கதான். நீங்க பயப்படணும்னா யாரை நினைச்சுப் பயப்படணும்?"

அவர் யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. எல்லாருக்கும் பாத்து எனக்கு ஒரு லிஸ்ட் கொடுத்துடுங்க."

நான் விரித்த வலையில் நானே கால் வைத்திருந்தேன். லிஸ்ட் தருகிறேன் என்றால் செல்வமேரிக்கு வேலை அந்த நிமிடமே கிடைத்துவிடும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட் தர மாட்டேண்ணே. யாருக்கு என்ன இருக்குன்னு அவங்ககிட்டதான் சொல்லுவேன். உங்ககிட்டயும் இல்ல, வயல்காரர்கிட்டயும் இல்ல."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் சம்பா நடவு தலைக்கு மேல் நின்றது, ஆள் பஞ்சம் வேறு. நான்காம் நாள் செல்வமேரி தெருவில் வண்டி நின்றது. மற்ற பெண்கள் மட்டும் என்னைக் கண்டால் விலகியே போனார்கள். ஒருமுறை கெட்ட பெயர் வாங்கினால் அது போக ரொம்ப நாளாகும்.

புரட்டாசியில் ஒருநாள். எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. செல்வமேரி.

"நர்சம்மா, மலர்க்கொடி கையிலேருந்து நாத்து முடி நழுவி நழுவி விழுவுது. எடுக்கத் தெரியலை. வாய் இடப்பக்கம் இழுத்துக்கிச்சு. என்ன கேட்டாலும் கொழகொழன்னு பேசுறா. கையைத் தூக்கச் சொன்னேன், வலது கை நிக்கலை."

பின்னால் நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. சோடா கொடு என்றார்கள், பித்த மயக்கம் என்றார்கள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தா?"

"பள்ளிக்கூடத்துல இடைவேளை மணி அடிச்சப்ப நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம்தான்."

கடிகாரத்தைப் பார்த்தேன். இடைவேளை மணி அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"என்கிட்ட என் மாத்திரை இருக்கு. அதைக் கொடுக்கட்டா?"

"வேணாம். மாத்திரை, தண்ணி, சோடா எதுவும் வாயில ஊத்தக் கூடாது. வரப்புல ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. போனைக் கணேசன்கிட்ட குடுங்க."

கணேசன் ஏற்கெனவே லோடு ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "பக்கத்துல தெரிஞ்ச கிளினிக் இருக்கு. ஒரு குளுக்கோஸ் ஏத்துனா எந்திரிச்சுடும். நீங்க முதல்ல வந்து பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

இளையவர்களே, இந்த இடத்தில்தான் உங்களுக்கும் சோதனை வரும். நானே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தவறாகப் போனால் என் பேரில் பழி வராது. ஆனால் நான் போய்ச் சேர இருபது நிமிடம், பார்த்து முடிவெடுக்கப் பத்து நிமிடம். அந்த அரை மணி மலர்க்கொடியின் மூளையிலிருந்து போகும். இன்னொரு வழி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நடவுப் பெண் போனில் சொன்னதை நம்புவது. அவள் முகம் சொன்னாள், கை சொன்னாள், பேச்சு சொன்னாள், நேரமும் சொன்னாள். ஒரு டாக்டர் இதைவிட என்ன சொல்லப் போகிறார்?

"அண்ணே, கிளினிக் வேணாம். அங்க ஸ்கேன் இல்ல. நான் இப்பவே ஆம்புலன்ஸ் சொல்றேன். வண்டியைத் தார் ரோட்டு முனைக்குக் கொண்டாந்து நிறுத்துங்க. செல்வமேரியும் கூடப் போகணும், மணி அடிச்ச கதையை டாக்டர்கிட்ட அவங்கதான் சொல்லணும்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். எங்கள் டாக்டரை அழைத்தேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசி ஸ்கேனைத் தயாராக வைக்கச் சொல்கிறேன் என்றார். ஊசி போட்ட குழந்தைகளை உதவியாளர் பொறுப்பில் விட்டுவிட்டு, வயலுக்குப் போகாமல், ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். வெறும் மயக்கமாக இருந்தால் ஊரே சிரிக்குமே என்ற நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டார்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. அங்கே வந்தபோது அவள் பிரஷர் எக்கச்சக்கமாக இருந்ததாம், அதை முதலில் இறக்க வேண்டியிருந்ததாம். அதாவது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. குறுவையிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மலர்க்கொடிக்குப் பேச்சு திரும்பியது. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னாள்: "அன்னைக்கே… கையை… நீட்டியிருக்கணும் நர்சம்மா."

"அன்னைக்கு நான் வாயை மூடியிருக்கணும்மா" என்றேன். செல்வமேரி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். 

மலர்க்கொடி பிழைத்தாள், நடக்கிறாள், மறுபடி கலகலவென்று பேசுகிறாள். ஆனால் வலது கை விரல்கள் முழுசாகத் திரும்பவில்லை. நாற்றைப் பிடித்து ஊன்ற அந்த விரல்கள் வேண்டும். அவள் அதற்குப் பிறகு நடவுக்கு இறங்கவில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆம்புலன்ஸ் அனுப்பிய கதையை மாவட்டக் கூட்டத்தில்கூடச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். புங்க மரத்தடிக் கதையையும் சேர்த்தே சொன்னேன். என் சர்க்கரையையும் அன்று சொல்லிவிட்டேன். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் அது என் எண், சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்தவள் நான்.

பங்குனியில், சம்பா அறுத்த தாளுக்குள் விதைத்திருந்த உளுந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி போனேன். இந்தத் தடவை லோடு ஆட்டோவுக்கும் ஒரு வேப்ப மரத்துக்கும் நடுவே பழைய புடவையைத் திரையாகக் கட்டினேன். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதோடு சொல்வேன். செல்வமேரி வந்தாள். அவள் சொன்னதற்காக இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து, பிடுங்கிய செடியில் காயை உருவிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு கணேசன் உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கும் பாத்துடுங்க. மலர்க்கொடிக்கு ஆனதுலேருந்து மனசு சரியில்ல" என்றார்.

நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"நர்சம்மா, வெளியில தெரிய வேணாம். வயல்காரங்களுக்குத் தெரிஞ்சா இவனால ஓடியாடி முடியாதுன்னு வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

இருபது அடி தள்ளிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும். செல்வமேரி ஒரு நடவுப் பருவம் முழுக்க வீட்டில் உட்கார்ந்தது எனக்கு நினைவு வந்தது. நாக்கு நுனிவரை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் எழுதி, இரண்டாக மடித்து, அவர் கையில் வைத்தேன். "நாளைக்குக் காலையில டாக்டரைப் பாத்துடுங்கண்ணே. செல்வமேரிக்கு இறங்கலையா? உங்களுக்கும் இறங்கும்." அவர் தலையைக் குனிந்தபடியே வெளியே போனார்.

செல்வமேரி நிழலிலிருந்தே குரல் கொடுத்தாள். "என்னவாம் நர்சம்மா கங்காணிக்கு?"

உளுந்துக் காய் உருவிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. கணேசன் வண்டிக்குப் பின்னால் அசையாமல் நின்றார்.

"அவரைத்தான் கேக்கணும்."

"எங்ககிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"யாரோட எண்ணையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

 அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களாடி? எந்திரிச்சுப் போங்க, ஒவ்வொருத்தியா" என்றாள்.

இவ்வளவையும் எழுதியது செல்வமேரி, மலர்க்கொடி, கணேசன் மூவரிடமும் கேட்டு, அவர்கள் "எழுதுங்க" என்று சொன்ன பிறகுதான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அந்த உளுந்து வயலில் அன்று மதியத்துக்குள் மிச்சமிருந்த பத்துப் பேரும் புடவைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்பதை உங்களிடமும் சொல்லப் போவதில்லை.